ரிப்பன் முடிச்சுத் தொட்டில்

நான் போட்ட முடிச்சு இறுக்கமாக இருந்ததா, தளர்வாக இருந்ததா?

இத்தனை வருடங்களுக்குப் பிறகும் இந்தக் கேள்விக்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வாசலைப் பூட்டிவிட்டு பஸ் ஸ்டாப் வரை போய், காஸை மூடினோமா என்று திரும்பி வந்து பார்க்கிற ஆள் நான். என் மகளின் தண்ணீர் பாட்டில் மூடியை நான் திருகி, அவள் அப்பா திருகி, மறுபடியும் நான் திருகிப் பார்த்த பிறகுதான் அது பைக்குள் போகும். ஆனால் அந்த முடிச்சைத் திரும்பப் போய்ப் பார்க்க முடியாது. அது பச்சைமலையின் உச்சியில், ஒரு நாவல் மரத்தின் கிளையில் போட்டது. அப்போது நான் நான்காம் வகுப்பு.

எங்கள் வீடு அந்த நாட்களில் வாலிகண்டபுரத்தில் இருந்தது. மாடிக்குப் போய் நின்றால் மேற்கே மலை தெரியும். பச்சைமலை என்று பெயர் வைத்துவிட்டு அது ஏன் எப்போதும் நீலமாகவே இருக்கிறது என்பது என் முதல் சந்தேகம். அப்பாவிடம் கேட்டால், கிட்டப் போனால் பச்சையாகிவிடும் என்பார். அப்படியானால் போகப் போக எந்த இடத்தில் நீலம் பச்சையாக மாறும், அந்த இடத்தில் நின்றால் என்ன தெரியும் என்று கேட்பேன். அப்பா வெங்காயத் தாள் அறுக்கப் போய்விடுவார்.

அந்த மலைக்கு அப்பாவும் அம்மாவும் அதற்கு முந்தைய இரண்டு புரட்டாசியிலும் போய் வந்திருந்தார்கள். இரண்டு தடவையும் என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். மூன்றாவது வருடம் நான் விடவில்லை. சாப்பிட மாட்டேன் என்று படுத்துக்கொண்டேன். கடைசியில் அத்தைதான் எனக்காகப் பேசினாள். அத்தை என்றால் அப்பாவின் அக்கா, விக்கிரமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டவள். இந்த மலையேற்றம் முழுக்க அவளுடைய ஏற்பாடு.

"அவளும் வரட்டும் தம்பி. கூடப் பொறக்கப் போறதுக்கு அவ கேட்டாலும் சாமி குடுக்கும்ல" என்றாள்.

எனக்குத் தெரிந்த வரையில் விஷயம் இதுதான். மலை உச்சியில் ஒரு பெருமாள் இருக்கிறார். அவருக்குப் பக்கத்தில் ஒரு நாவல் மரம் இருக்கிறது. பிள்ளை வேண்டுமென்பவர்கள் மூன்று புரட்டாசி தொடர்ந்து, ஏதாவது ஒரு சனிக்கிழமை, மலையேற வேண்டும். மூன்றாவது வருடம் அந்த அம்மா தன் பழைய புடவையில் கிழித்த துண்டை மஞ்சளில் நனைத்து எடுத்துப்போக வேண்டும். வழியில் அருவி வரும். அங்கே ஒரு கல்லைப் பொறுக்கி, கழுவி, துணிக்குள் வைத்து, உச்சிக்குப் போய் அந்த மரத்தில் தொட்டிலாகக் கட்ட வேண்டும். அருவியில் எடுத்த கல்லை மரத்தில் கட்டும் வரை கீழே வைக்கக் கூடாது. வேறு ஆள் கைக்கு மாறவும் கூடாது. கட்டிய பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது.

ரேஷன் கடையில் கேட்டால் சர்க்கரை கொடுப்பது போல அங்கே கேட்டால் தம்பிப் பாப்பா கொடுப்பார்கள் என்றுதான் நான் புரிந்துவைத்திருந்தேன். ஏன் இவ்வளவு உயரத்தில் வைத்துக் கொடுக்கிறார்கள் என்பதுதான் புரியவில்லை.

கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் அம்மா புடவை கிழித்தாள். ஊதாப் பூப் போட்ட வெள்ளைப் புடவை. அது இன்னும் நன்றாகத்தான் இருந்தது. அதைவிடப் பழைய புடவைகள் இரண்டு கொடியிலேயே கிடந்தன. அதை ஏன் கிழிக்கிறாய் என்று கேட்டேன். இதுதான் மெல்லிசு, சீக்கிரம் இற்றுவிடும் என்றாள். சீக்கிரம் இற்றுப்போகிற துணியில் யாராவது தொட்டில் கட்டுவார்களா என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. எத்தனையோ கேட்ட எனக்கு அது தோன்றவில்லை.

மறுநாள் விடியற்காலையில் அத்தையும் மாமாவும் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். மாமாவுக்கு முழங்கால் வலி. ஆனால் அவர் வராமல் ஒரு விசேஷமும் நடந்ததில்லை. அம்மா புளிசோற்றைத் தூக்கில் அடைத்திருந்தாள். என் தலையை இறுக்கிப் பின்னி, இரட்டை ஜடையை மடக்கிச் சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டாள். பெரம்பலூர் போய் வேறு பஸ் மாறி, மலையடிவாரத்தில் இறங்கியபோது வெயில் வந்திருந்தது. நான் உடனே நிமிர்ந்து பார்த்தேன். மலை பச்சையாக இருந்தது. நீலம் எந்த இடத்தில் மாறியது என்று பார்க்காமல் பஸ்ஸில் தூங்கிவிட்டேன்.

பாதை முதலில் சோளக்கொல்லைகளுக்கு நடுவே போனது. பிறகு ஓடையைப் பிடித்துக்கொண்டது. ஓடை எங்களுக்கு எதிரே இறங்கி வந்துகொண்டிருக்க, நாங்கள் அதை எதிர்த்து ஏறினோம். முன்னால் போகிற கூட்டம் "கோவிந்தா" என்று சொன்னால் பின்னால் வருகிறவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். மாமா மட்டும் ஒவ்வொரு பாறையிலும் கையை ஊன்றி, "கோவிந்தா, ஒனக்கு வூடு கட்ட கீழ எடமே கெடைக்கலியா?" என்பார்.

"ஏறும்போதாச்சும் வாயக் கட்டுங்க" என்பாள் அத்தை.

"கால்தான் கட்டிக்கிச்சே. வாயாவது நடக்கட்டும்."

அம்மா சிரித்தாள். அம்மா அன்றைக்கு நிறையச் சிரித்தாள் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வீட்டில் அவள் நடை எப்போதும் வேகநடை. அங்கே மெதுவாக நடந்தாள். சீதா மரத்தில் காய் இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்தாள். மூங்கில் புதர் ஒன்று காற்றில் உரசி முனகியபோது நின்று கேட்டாள். நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னாள். தெரியாதவற்றுக்குத் தெரியாது என்றாள். இந்த ஓடைத் தண்ணீர் ராத்திரியிலும் ஓடுமா என்ற கேள்வியை மட்டும் மாமா வாங்கிக்கொண்டார்.

"ராத்திரி பூசாரி மேல போயி மூடிட்டு வந்துருவாரு. இல்லாட்டி மலை காஞ்சி போயிரும்ல."

இதை நான் ஏழாம் வகுப்பு வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

அருவியின் சத்தம்தான் முதலில் வந்தது. பஸ் வருகிறது என்று நினைத்தேன். ஒரு திருப்பத்தில் காற்று சில்லென்று ஆனது, முகத்தில் சாரல் பட்டது, அடுத்த நிமிடம் அருவி எதிரே இருந்தது. பெரிய அருவி என்று சொல்ல மாட்டேன். கரும்பாறையில் மேலிருந்து ஒரே வீச்சாக விழாமல், தடுக்கித் தடுக்கி, மாமா மாதிரியே இறங்கி வந்தது. கீழே குட்டை. குட்டையைச் சுற்றி ஈரப் பாறைகள். ஒரு பாறையில் மலைக்காரப் பெண் ஒருத்தி கூடையில் சீதாப்பழம் வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். எல்லோரும் அங்கே உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். அதற்கு மேல் பாதை குறுகிச் செங்குத்தாகப் போனது.

அத்தை மடியிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள். "கல்ல எடும்மா. நேரமாவுது."

அம்மா துணியை வாங்கவில்லை. அத்தையின் காதருகே போய் ஏதோ சொன்னாள். அத்தையின் முகம் அப்படியே விழுந்துவிட்டது.

"இன்னிக்கா? இப்பவேவா?" என்றாள். "நாளு பாத்துத்தானே வச்சோம்?"

"என்ன பண்றது அண்ணி. வழியிலதான் தெரிஞ்சுது. நான் இங்கயே ஒக்காந்துக்குறேன். நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க."

மாமா உடனே சீதாப்பழக் கூடையை மிகுந்த அக்கறையுடன் பார்க்க ஆரம்பித்தார். அப்பா அருவியைப் பார்த்தார். எனக்கு விஷயம் கொஞ்சம் புரிந்தது, கொஞ்சம் புரியவில்லை. மாதத்தில் சில நாட்கள் அம்மா சாமி விளக்கு ஏற்ற மாட்டாள், என்னை ஏற்றச் சொல்லுவாள். அந்த நாட்களில் கோயிலுக்கும் போகக் கூடாது. இதுவும் அதுதான் என்று தெரிந்தது. ஆனால் போன சனிக்கிழமைதானே நான் விளக்கு ஏற்றினேன்? அதற்கு முந்தைய நாளும் ஏற்றினேன். தீக்குச்சியில் விரலைச் சுட்டுக்கொண்டு அம்மா தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாளே? அதற்குள் மறுபடியுமா?

கேட்டுவிடலாம் என்று "அம்மா, போன வாரம்..." என்று ஆரம்பித்தேன்.

அம்மா என் கையைப் பிடித்தாள். அவ்வளவுதான். கிள்ளவில்லை, முறைக்கவில்லை. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "போன வாரம் என்ன, போன வாரமும் இட்லிதான்" என்றாள். மாமா சிரித்தார். நானும் எதற்கென்று தெரியாமல் சிரித்தேன்.

அத்தை சிரிக்கவில்லை. அது புரட்டாசியின் கடைசிச் சனிக்கிழமை. அன்றைக்குத் தவறினால் மூன்று வருடமும் வீண். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பார்க்கவே பாவமாக இருந்தது. அத்தை கெட்டவள் இல்லை. அப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். தன் தம்பி வீட்டில் ஒற்றைப் பிள்ளை தனியாக விளையாடுவதைப் பார்த்தால் அவளுக்கு நிஜமாகவே மனசு கேட்காது. விக்கிரமங்கலத்திலிருந்து வரும்போதெல்லாம் எனக்கு இரண்டு பொம்மை வாங்கி வருவாள், ஒன்றுக்கு ஒன்று துணையாக இருக்கட்டும் என்று.

திடீரென்று அத்தை நிமிர்ந்தாள். "ஒரே வயித்துல பொறந்த புள்ள கட்டலாம்" என்றாள். "எங்க சின்ன மாமியாருக்கு அவ மொத பொண்ணுதான் கட்டுச்சு. பூசாரியே ஒத்துக்கிட்டாரு. ஏ ஆயி, நீ கட்டு!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மாவைப் பார்த்தேன். சாரலில் நனைந்த அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் அதற்குப் பின்னால் வேறு ஏதோ நடந்துகொண்டிருந்தது. தின்பண்டத்தை ஒளித்து வைத்த இடத்தை நான் கண்டுபிடித்துவிட்டால் வருமே, அப்படி ஒரு முகம். அந்த வழி அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

"சின்னப் புள்ள, அண்ணி. வழுக்கும். மேல பாற எல்லாம் கையூணி ஏறணும்" என்றாள்.

"நான் கூடப் போறேன்" என்றார் அப்பா. அன்று காலையிலிருந்து அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

கல்லை நானே பொறுக்கினேன். அம்மா சின்னதாக எடு என்றாள். நான் குட்டையில் கையை விட்டுத் துழாவி, கோழிமுட்டை அளவில், வெள்ளைப் புள்ளிகள் வைத்த ஒரு கல்லை எடுத்தேன். அத்தைக்கு மகிழ்ச்சி. "நல்ல எடை. கொழுகொழுன்னு பொறக்கும்" என்றாள். துணியில் வைத்து என் உள்ளங்கையில் மூடினாள். துணியைத்தான் தொட்டாள், கல்லைத் தொடவில்லை. ஜில்லென்று இருந்தது.

கிளம்பும்போது அம்மா என்னைக் கூப்பிட்டாள். "ரிப்பன் அவுந்துருக்கு பாரு" என்றாள். அவிழவில்லை என்று எனக்குத் தெரியும். காலையில் அவள் கட்டியது கட்டியபடி இருந்தது. ஆனாலும் போய் முன்னால் நின்றேன். அவள் ரிப்பனை உருவி மறுபடி கட்டினாள். கட்டிக்கொண்டே, அருவிச் சத்தத்தில் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி காதருகே சொன்னாள்.

"இறுக்கிக் கட்டாத. ரிப்பன் கட்டுற மாதிரி கட்டு. கெளைக்கு வலிக்கும்."

அவள் மூச்சு காதில் சூடாக இருந்தது. நான் தலையாட்டினேன். கிளைக்கு வலிக்கும் என்பது எனக்கு முழுக்க நியாயமாகப் பட்டது.

அதற்கு மேல் உள்ள ஏற்றத்தை ஒற்றைக் கையால் ஏறினேன். சில பாறைகளில் இரண்டு கையும் ஊன்றினால்தான் முடியும். அங்கெல்லாம் அப்பா பின்னாலிருந்து என் இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட்டார். கல்லுக்கு மட்டும் கை கொடுக்கவில்லை, கொடுக்கவும் கூடாது. குரங்குகள் இரண்டு இடத்தில் வழிமறித்தன. என் மூடிய கையில் தின்பதற்கு ஏதோ இருக்கிறது என்று அவை முடிவு செய்துவிட்டன. ஒரு தாய்க் குரங்கு, வயிற்றில் குட்டி தொங்க, என் எதிரே வந்து உட்கார்ந்து கையை நீட்டியது. மாமா துண்டைச் சுழற்றி, "அது கல்லு சாமி, பல்லு போயிரும்" என்றார்.

ஏற ஏறக் கல்லின் ஜில்லிப்பு போய்விட்டது. பாதி வழியில் அது என் கைச் சூட்டுக்கு வந்துவிட்டது. அப்புறம் எனக்கே ஆச்சரியமாக, என் கையைவிடச் சூடாக இருப்பது போலத் தோன்றியது. நான் அதோடு பேச ஆரம்பித்தேன். இது மூங்கில், அது குரங்கு, பயப்படாதே, இன்னும் கொஞ்ச தூரம்தான். யாருக்கும் கேட்காமல்தான் பேசினேன். அப்பாவுக்குக் கேட்டிருக்கும். அவர் எனக்கு நேர் பின்னால் வந்தார்.

உச்சியில் காற்று அடித்துத் தள்ளியது. பெருமாள் கோயில் நான் நினைத்ததைவிட ரொம்பச் சின்னது, நான்கு கால்களும் ஒரு தகரமும். கிழக்கே நாங்கள் ஏறி வந்த நாடு முழுவதும் கீழே விரிந்து கிடந்தது. பருத்திக் காடு, சோளக்காடு, ஏரிகள், தீப்பெட்டி பஸ்கள். மாமா தன் வலியெல்லாம் மறந்து கையை நீட்டி, அதோ பார் அரியலூர் சிமெண்ட் பேக்டரிப் புகை, அதுக்கு அந்தாண்ட எங்க வூடு, வாசல்ல கட்டின மாடு கூடத் தெரியுது என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அங்கிருந்து பார்த்தபோது எங்கள் ஊர்ப் பக்கம் முழுவதும் நீலமாக இருந்தது. அப்படியானால் வீட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நாங்கள் நீலமாக இருப்போமா? அம்மாவிடம் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

நாவல் மரம் காற்றுக்கு ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதன் கிளைகளில் இலையைவிடத் தொட்டில்கள்தான் அதிகம். புதிய மஞ்சள், வெளுத்த மஞ்சள், நிறமே இல்லாமல் போனவை. மரத்தடியில் உதிர்ந்த துணிகளும் கற்களும் கிடந்தன.

"அத்தை, கீழ கெடக்குற கல்லெல்லாம் யாரு?"

"பேசாம வா."

மாமா குனிந்து, "அதெல்லாம் பொறந்து பள்ளிக்கூடம் போயிருச்சுங்க" என்றார். அத்தை அவரைப் பார்த்த பார்வையில் அவர் கோயில் பக்கம் போய்விட்டார்.

அப்பா என்னைத் தூக்கிப் பிடித்தார். நான் ஒரு கிளையைத் தேர்ந்தெடுத்தேன். துணியின் இரண்டு முனைகளையும் கிளைக்கு மேலே கொண்டுபோனேன். அத்தை தொடக் கூடாது என்பதால் ஒரு கை தூரத்தில் நின்று சத்தம் போட்டாள். "இன்னொரு சுத்து சுத்து. அப்படித்தான். இழு. நல்லா இழு ஆயி!"

காற்றில் துணி படபடத்தது. தொட்டிலுக்குள் கல் அங்குமிங்கும் ஆடியது. ரிப்பன் மாதிரிதான் கட்ட ஆரம்பித்தேன். இரண்டு காது வைத்து, ஒன்றுக்குள் ஒன்று விட்டு. ஆனால் ரிப்பன் முடிச்சு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விடுவதற்குள் தினமும் அவிழ்ந்துவிடும். இவ்வளவு தூரம் என் கைக்குள்ளேயே வந்தது, இவ்வளவு காற்றில், இத்தனை உயரத்திலிருந்து விழுந்தால்? அதே சமயம் கிளைக்கு வலிக்குமே? அம்மா சொன்னாளே? என் காதில் அம்மாவின் மூச்சும் இருந்தது, அத்தையின் "இழு"வும் இருந்தது. கைகள் என்னவோ செய்தன. கடைசியில் அந்த இரண்டு காதுகளையும் பிடித்து இழுத்தேனா, இல்லை அப்படியே விட்டேனா? இதுதான் எனக்கு நினைவில்லை. அதற்கு முன்னால் நடந்ததெல்லாம் துல்லியமாக நினைவிருக்கிறது. கிளையில் ஒரு எறும்பு போனது கூட நினைவிருக்கிறது.

"கட்டியாச்சா?" என்றார் அப்பா. ஆச்சு என்றேன். அவர் என்னை இறக்கிவிட்டார். முடிச்சை அவர் நிமிர்ந்து பார்த்தாரா என்று தெரியாது. நான் அதற்குள் திரும்பிவிட்டேன். கொஞ்ச தூரம் நடந்திருப்போம், பின்னால் கல்லில் கல் மோதுவது போல ஒரு சத்தம் கேட்டது. குரங்காக இருக்கலாம். வேறு யாருடைய பழைய தொட்டிலாகவும் இருக்கலாம். எனக்குக் கழுத்து வலித்தது, அவ்வளவு ஆசை திரும்பிப் பார்க்க. பார்க்கவில்லை.

இறங்கி வந்தபோது அம்மா அருவியின் ஓரப் பாறையில், கணுக்காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க நனைந்திருந்தது. அந்த மலைக்காரப் பெண்ணும் அவளும் ஒரு சீதாப்பழத்தைப் பிட்டுத் தின்றுகொண்டு, நெடுநாள் சிநேகிதிகள் மாதிரி ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அப்படித் தனியாக, ஒரு வேலையும் இல்லாமல் உட்கார்ந்திருந்ததை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

"குளிச்சியா?" என்றாள் அத்தை.

"தெறிச்சுது அண்ணி."

அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். முடிச்சைப் பற்றிக் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. என் வலது கையை விரித்துப் பார்த்தாள். உள்ளங்கை முழுக்க மஞ்சள் அப்பியிருந்தது, நடுவில் கல் அழுத்திய சிவப்பு. அதை அருவித் தண்ணீரில் விட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். மஞ்சள் போகவே இல்லை. "அவ்வளவு நேரமா பிடிச்சிருந்த?" என்று மட்டும் கேட்டாள். அப்போது அவள் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. நாம் எல்லோரும் நீலமாகத் தெரிவோமா என்று கேட்க மறந்துவிட்டேன்.

எனக்குத் தம்பியும் பிறக்கவில்லை, தங்கையும் பிறக்கவில்லை. அத்தை வெகு நாள் வரை, "பெத்தவ ஏறியிருந்தா கெடைச்சிருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என் கல்யாணத்தன்று, மணவறைக்குப் போகும் முன் புடவை மடிப்பைச் சரிசெய்தபடி என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "ஏ ஆயி, அன்னிக்கு நல்லா இறுக்கித்தானே கட்டுன?" ஆமாம் அத்தை என்றேன். அவள் முகம் தெளிந்தது. அது பொய்யா உண்மையா என்பது எனக்கே தெரியாது.

எனக்கும் கல்யாணமாகி, ஒரு பெண் பிறந்த பிறகுதான் அந்த நாள் மறுபடி மறுபடி வர ஆரம்பித்தது. நான் பிறந்தபோது பெரம்பலூரில் முடியாது என்று சொல்லி அம்மாவைத் திருச்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்பது நான் பெரியவளான பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பயத்தில்தான் அருவியோடு நின்றாளா? அல்லது பயம் இல்லை, ஒன்றே போதும் என்று அவளுக்குத் தோன்றியதா? அல்லது நான் இல்லாததைக் கட்டிக்கொண்டிருக்கிறேனா? சில மாதங்களில் நாள் தவறி இரண்டு தடவை வருவது பெண்களுக்குத் தெரியாததல்ல, எனக்கே வந்திருக்கிறது. முடிச்சு இறுகினால் பிரசவம் சிக்கலாகும் என்று நினைத்துத் தளர்வாகக் கட்டச் சொல்லியிருக்கலாம். அப்படி நினைக்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. அப்படியானால் அவளுக்குப் பிள்ளை வேண்டும் என்று அர்த்தம். ஒன்றுமே இல்லாமல், நிஜமாகவே கிளைக்கு வலிக்கும் என்று கூட நினைத்திருக்கலாம். அம்மா செடியில் பூப்பறிக்கும்போது கூட முணுமுணுத்துக்கொண்டே பறிப்பாள்.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நாங்கள் அரியலூரில் இருக்கிறோம். என் மகள் யு.கே.ஜி. படிக்கிறாள். என் மாமியார் எங்கள் மேல் உயிரையே வைத்திருப்பவர். இரண்டு புரட்டாசியாக எனக்காக அவரே என்னை அழைத்துக்கொண்டு வேறு வழியாக ஜீப்பில் அந்த மலைக்குப் போய் வந்தார். மரத்தடியில் இற்றுக் கிடந்த துணிகளில் என் முடிச்சு எது என்று தெரியவில்லை. மூன்றாவது தடவையாவது நடந்து ஏறினால்தான் கணக்கு என்று யாரோ சொன்னதால், இந்த வருடம் அருவி வழியாக நடந்தே போக வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார். இது மூன்றாவது. "ஒத்தப் புள்ளைக்கு ஒரு தொணை வேணாமாம்மா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் துளி அதிகாரம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என் பழைய புடவையில் ஒன்றை எடுத்து வைக்கச் சொன்னார். பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். எது மெல்லிசு என்று கை தானாகத் தேடியது. பயந்துபோய் மூடிவிட்டேன். எனக்கு இன்னொரு பிள்ளை வேண்டுமா என்று கேட்டால் வேண்டும் என்றும் சொல்லத் தெரியவில்லை, வேண்டாம் என்றும் சொல்லத் தெரியவில்லை.

அம்மாவுக்கு போன் செய்தேன். நாங்க அந்த மலைக்குப் போறோம்மா என்றேன்.

"அருவில தண்ணி இருக்கான்னு விசாரிச்சிக்க" என்றாள். "பாப்பாவும் வராளா?"

"ஆமாம்மா. ஏன் மலை நீலமா இருக்குன்னு ஒரே கேள்வி."

அம்மா சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு, போனை வைப்பதற்கு முன், சொன்னாள்:

"அவ கையில எதையும் குடுத்து விடாத."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அன்றைக்கு அவள் தேய்த்துத் தேய்த்துக் கழுவியது மஞ்சளைத்தான் என்று நான்காம் வகுப்பில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வருகிற சனிக்கிழமை கிளம்ப வேண்டும். மகளுக்கு வழுக்காத செருப்பு வாங்கியாகிவிட்டது, தண்ணீர் பாட்டிலைத் திருகிப் பார்த்தாகிவிட்டது. புடவைதான் இன்னும் எடுக்கவில்லை. கிளம்புவதற்கு முன் அம்மாவிடம் நேராகவே கேட்டுவிடலாமா, அல்லது இத்தனை வருடம் அவள் சொல்லாமல் வைத்திருந்ததை அப்படியே விட்டுவிடுவதுதான் மரியாதையா? இதைப் படிக்கிறவர்களில் இப்படி ஒரு மலையேறி, தொட்டில் கட்டிவிட்டு இறங்கியவர்கள் இருப்பீர்கள். உங்கள் யோசனையைச் சொல்லுங்கள். அருவியோடு நின்றுகொண்டவர்களும் இருப்பீர்கள். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். மேலே போகக் கிளம்பியவர்களிடம் என்ன சொல்லிவிட்டு நின்றீர்கள்?